ஜீப்பிலேயே திரும்பிய பலகை

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் நடைவழிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பணியில் சேர்ந்த முதல் நாளே உங்களை அதன் முன் நிறுத்தியிருப்பார்கள். ஆளுயர மக்காச்சோளம், கைகூப்பி நிற்கும் ஒரு விவசாயி, பக்கத்தில் கழுத்தில் மாலையுடன் நான். குப்பைக்குப் போகும் கழிவைக் கொண்டே விஷ மண்ணை மீட்ட கதை என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் எங்கள் ஜீப்பின் பின்பக்கம் பாதி தெரியும். அதிலிருந்து இரண்டு இரும்புக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது ஓர் எச்சரிக்கைப் பலகை. அன்று வயலில் நடுவதற்காகக் கொண்டுபோனோம். நடாமல் திருப்பிக் கொண்டுவந்தோம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் மண் எடுத்தது, அதிகாரிகளோடு சண்டை போட்டது என்று எழுத நிறைய இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தபோது அவையெல்லாம் நான் நன்றாக நடந்துகொண்ட கதைகளாக இருந்தன. உங்களுக்கு அவற்றால் பயன் இல்லை.

மார்க்கையன்கோட்டையிலிருந்து தேவாரம் போகும் பக்கம் ராசாங்கத்துக்குத் தோட்டம். அதன் மேற்கு மூலையில் ஒரு துண்டு நிலத்தைப் பழைய பேட்டரி உடைக்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் வந்து இறங்கும். உள்ளே இருக்கும் அமிலத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டு, காரீயத் தகட்டை எடுத்து உருக்குவார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் விழுந்து செத்த பிறகு ஊர் திரண்டு பட்டறையை மூடவைத்தது. நிலம் திரும்ப ராசாங்கத்தின் கைக்கு வந்தபோது அதில் கோரைப்புல்கூட முளைக்கவில்லை.

அந்த மண்ணை வெட்டி அள்ள முடியாது. அள்ளினால் கொட்ட இடம் வேண்டும். கொட்டுகிற இடமும் யாரோ ஒருவருடைய ஊராகத்தான் இருக்கும். அதனால் நம் துறை செய்வதைச் செய்தோம். காரீயத்தை வெளியே எடுக்காமல், அது கரைந்து ஓடாதபடி மண்ணுக்குள்ளேயே பிணைத்துப் போடுவது. அதற்கு நாங்கள் எடுத்தவை இரண்டு கழிவுகள். சின்னமனூர், தேனி பேக்கரிகளிலும் புரோட்டாக் கடைகளிலும் கொட்டுகிற முட்டை ஓடு. கம்பத்து அரிசி ஆலைகளின் உமியைக் கரியாக்கிய உமிக்கரி. ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை முறிக்கும். முறிந்ததும் காரீயம் கெட்டிப்பட்டு நின்றுவிடும். தப்பி ஓடுவதை உமிக்கரி பிடித்துக்கொள்ளும்.

முட்டை ஓட்டை மூட்டை மூட்டையாக இறக்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று சத்தம் போட்டார்.

“ஏலே ராசாங்கம், எவன் குடியக் கெடுக்க இம்புட்டு முட்டை ஓட்டக் கொட்டுற? ஒண்ணு ரெண்டு வாசல்ல கெடந்தாலே செய்வினைன்னு மூணு தெரு தூங்காதுலே!”

“கெட்டது என் குடிதேன் மாமா. வச்ச செய்வினைய எடுக்கத்தேன் சார் வந்திருக்காக.”

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பக்கம் ‘முட்டை சார்’ என்று பெயர். ராசாங்கத்தின் மனைவி பாண்டியம்மாளுக்கு இதில் நம்பிக்கையே வரவில்லை. “வெறும் ஓட்டுல என்ன சார் இருக்கு?” என்று கேட்டார். நான் அவருக்குப் புரியும்படி சொன்னேன்: “சுண்ணாம்புச் சத்தும்மா. எலும்புக்கு நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்களே, அதிலும் இதேதான் இருக்கிறது.” அவர் முகம் தெளிந்தது. எளிமையாக விளக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்துவிட்டேன். பாண்டியம்மாள் மறக்கவில்லை.

முதல் பருவம் தோற்றோம். அளவைக் கூட்டினோம். அடுத்த பருவம் மக்காச்சோளம் நின்றது. மண்ணை நீரில் ஊறவைத்து, வடித்த நீரில் காரீயம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் முக்கியமான சோதனை. கருவி எதையும் காட்டவில்லை. கிணற்று நீரும் சுத்தமாக வந்தது. உடனே வயல் விழாவுக்கு நாள் குறித்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, மதுரையிலிருந்து அதிகாரிகள், செல்போனைத் தூக்கிப் பிடித்த நிருபர்கள்.

என்னோடு அப்போது ஒப்பந்தப் பணியில் இளம் பெண் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். பலகையைச் செய்யச் சொன்னது அவர்தான். ‘இது நிலைப்படுத்தப்பட்ட மண். அனுமதியின்றி அகற்றக் கூடாது’ என்று பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து. அதை ஜீப்பிலிருந்து இறக்கும்போது ராசாங்கம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், கும்புடுறேன், இத நடாதீக. இதப் பாத்தா மார்க்கெட்டுல என் சரக்க எவன் தொடுவான்? இந்த மூலைச் சோளத்த மட்டும் இல்ல, அங்கன கெடக்குற தக்காளியையும்ல வேணாம்பாக? பக்கத்துத் தோட்டத்துக்காரவுக என்னைய விட்டுருவாகளா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். தவறான கோரிக்கைகள் பெரும்பாலும் நியாயமான முகத்தோடுதான் வரும். அவர் படும் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. விழாப் பந்தலுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை நிற்பது எனக்கும் பிடிக்கவில்லை. “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். பலகை ஜீப்பிலேயே கிடந்தது.

பிறகு ஒலிபெருக்கியை ராசாங்கத்திடம் கொடுத்தார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சார், சுத்தி வளைக்காம ஒரே வார்த்தை. விஷம் போயிருச்சா?”

போகவில்லை. ஒரு துளியும் போகவில்லை. கொட்டிய காரீயம் முழுவதும் எங்கள் காலடியில்தான் இருந்தது. நீரில் கரையாமல் முடங்கியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். அதிகாரிகள் கைதட்டக் கைகளைத் தூக்கிவைத்திருந்தார்கள்.

“போயிருச்சு” என்றேன்.

ஜீப்பில் திரும்பும்போது அந்தப் பெண் கேட்டார்: “சார், போயிருச்சுன்னு சொல்லிட்டீங்களே?”

“அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்மா.”

“அவருக்கு அது புரியாதுன்னு யார் சார் சொன்னது?”

எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த மழைக்குப் பிறகு மண் மாதிரி எடுக்க நான் மட்டும் போனேன். ராசாங்கம் வீட்டில் இல்லை. தோட்டத்து வீட்டின் தகரக் கொட்டகை நிழலில் அவருடைய மகள் சுகந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்பத்தில் கட்டிக்கொடுத்த பெண். ஒரு கையில் செல்போன், மடியில் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பா. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்தாள்.

“முழுகாம இருக்கா சார்” என்றார் பாண்டியம்மாள், காப்பியை நீட்டியபடி. “மசக்கை போட்டு வாட்டுது. ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது. மண்ணுன்னா மட்டும் டப்பா காலியாயிருது.”

“அம்மா! சார்ட்டப் போயி இதெல்லாம் சொல்லுவியா?”

“சொன்னா என்னாடி? அவுக குடுத்த மண்ணுதான?”

நான் காப்பியைக் குடித்தபடி நின்றேன். பாண்டியம்மாள் சொல்லிக்கொண்டே போனார்.

“கண்ட மண்ணத் தின்னு தொலைக்கப் போறான்னு, நாந்தேன் அந்த மூலையில அள்ளிச் சலிச்சு, லேசா வறுத்துக் குடுத்தேன். உமிக்கரி நாம பல்லு வெளக்குறதுதான? முட்டை ஓடு மாசமா இருக்குறவுகளுக்கு நல்லதுன்னு நீங்கதேன் சொன்னீக. விஷமும் போயிருச்சு. அதுக்கு மேல என்ன?”

கர்ப்ப காலத்தில் பெண்கள் சாம்பலையும் மண்ணையும் தின்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். என் மனைவியும் தின்றாள். ஆனால் திட்ட அறிக்கையில் அந்த மண்ணை யார் தொடுவார்கள் என்று நாங்கள் எழுதியபோது செடியை எழுதினோம், கிணற்றை எழுதினோம், மாட்டை எழுதினோம். வாயை எழுதவில்லை. காரீயத்தைக் கட்டிவைத்திருப்பது சுண்ணாம்பு. அமிலம் பட்டால் அந்தக் கட்டு அவிழும். மனித இரைப்பைக்குள் இருப்பது அமிலம். இது பள்ளிப் பாடம். எனக்குத் தெரியாத ஒன்றல்ல.

சுகந்தியின் உதட்டோரத்தில் ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. முட்டை ஓடு. நாங்கள் அரைத்த அளவில், சலித்தும் போகாத பருமனில்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “டப்பாவைக் கீழே போடு, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்று சொல்ல வேண்டும். ஜீப் வாசலில் நின்றது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

“மண்ணெல்லாம் தின்னக் கூடாதும்மா. வயிற்றில் புழு வரும்.”

“அதேதேன் எங்க மாமியாரும் சொல்றாக” என்று சுகந்தி சிரித்தாள். “புழு மாத்திரை போட்டுட்டேன் சார்.”

சோதனைக்கு என்று டப்பாவிலிருந்து ஒரு பிடி கேட்டேன். “என்ன சார், எம் பங்குலயே கைய வைக்கிறீக?” என்று சொல்லி ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். நான் போன பிறகு அவள் மீதியைத் தின்றிருப்பாள். புழுவுக்குத்தான் மாத்திரை போட்டாயிற்றே.

ஆய்வுக்கூடத்தில் அந்த இளம் ஆய்வாளர் அதை இரைப்பை அமிலத்துக்கு இணையான கரைசலில் போட்டு, உடற்சூட்டில் வைத்துப் பார்த்தார். நீரில் ஒன்றுமே காட்டாத மண் அமிலத்தில் காரீயத்தைக் கொட்டியது. அவர் என் அறைக்கு வந்து நின்றார்.

“இப்பவே போய்ச் சொல்லணும் சார்.”

அந்த வாரம் சென்னையில் ஒரு கூட்டம் இருந்தது. இதே முறையை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோவதா என்று அங்கே முடிவு செய்வார்கள். ராசாங்கம் நிற்கும் படம்தான் எங்கள் முதல் பக்கம். “கூட்டம் முடியட்டும்” என்றேன்.

“மாசம் கூட்டத்துக்காக நிக்காது சார். நீங்க போகலேன்னா நான் போறேன்.”

“என் அனுமதி இல்லாமல் நீங்கள் அங்கே போகக் கூடாது.”

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அது இருவருக்கும் தெரியும். அவர் போகவில்லை. பின்னர் நம் துறையை விட்டே போய்விட்டார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை வாசிக்கிற உங்களில் யாராவது அப்படி நிற்க நேர்ந்தால் கீழ்ப்படியாதீர்கள். எனக்கு அன்று தேவைப்பட்டது நல்ல உதவியாளர் அல்ல. என் பேச்சை மீறி அந்தத் தோட்டத்துக்குப் பஸ் ஏறுகிற ஒருவர்.

கூட்டம் நன்றாக முடிந்தது. கைதட்டினார்கள். நான் ஊர் திரும்பியதும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன்.

மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். விஷம் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, வயிற்றுக்குள் போனால் அவிழ்ந்துவிடும், பிள்ளைக்கும் போகும், உடனே இரத்தம் சோதிக்க வேண்டும். பாண்டியம்மாள் முதலில் நான் வேறு யார் வீட்டைப் பற்றியோ பேசுகிறேன் என்று நினைத்ததுபோல் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நாந்தேன் அள்ளிக் குடுத்தேன்” என்றார். “ஆத்தா, நானே என் கையால வறுத்துல்ல குடுத்தேன்.”

ராசாங்கம் அவரை அதட்டினார். “நீ சும்மா இரு. நீயா போயிருச்சுன்ன?”

என்னைக் குறித்து அவர் சொன்னது அவ்வளவுதான். சுகந்திதான் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, கணக்குப் பார்க்கிறவளின் நிதானம் இருந்தது.

“அன்னைக்கு வந்தப்பப் புழுன்னு சொன்னீகளே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா காப்பி குடிச்சீக?”

நான் போய் ஜீப்பின் கதவைத் திறந்தேன்.

தேனிக்கு அழைத்துப் போனோம். இரத்தத்தில் காரீயம் இருந்தது, இருக்கக் கூடாத அளவில். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, கடைசியாகத் தின்றது எப்போது என்று கேட்டார். “முந்தாநாள்” என்றாள் சுகந்தி. கூட்டம் முடியட்டும் என்று நான் காத்திருந்த நாட்கள் முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருந்தன. நிறுத்தியதும் அளவு மெல்லக் குறையும் என்றார்கள். பிள்ளை மாதத்துக்கு முன்பே பிறந்தது. பெண். எடை குறைவு. பிழைத்துக்கொண்டாள்.

இப்போது நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் பிறந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன் வாய் ஓயாமல் பேசுகிறான். இவள் இன்னும் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. அந்த மண்ணால்தானா என்று மருத்துவர்களிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார்கள், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். இரண்டாவது பதிலைப் பிடித்துக்கொள்ள நான் முயன்றதுண்டு. அது என்னைத் தாங்கவில்லை.

நடந்ததையெல்லாம் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள். மற்ற ஊர்களின் திட்டத்தில் அமிலச் சோதனையைச் சேர்த்தார்கள். ஓய்வு நெருங்கியிருந்ததால் என்னை மாலை போட்டே அனுப்பினார்கள். அந்தப் படத்தைக் கழற்றச் சொன்னேன். நல்ல படம் சார், இருக்கட்டும் என்றார்கள்.

முறையில் பிழை இல்லை. இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். முட்டை ஓடும் உமிக்கரியும் அவற்றால் முடிந்ததைச் செய்தன. அந்தக் கிணறு இன்றும் சுத்தமாக இருக்கிறது. நாளை உங்களிடமும் ஒருவர் ஒரே வார்த்தையில் கேட்பார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததை அவருக்காகச் சுருக்காதீர்கள். அவர் அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சாமான் அறையில் கிடந்த அந்தப் பலகையைக் கேட்டு வாங்கி, இரண்டு நிறத்தில் பெயிண்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அந்த மூலையில் இப்போது எதுவும் போடுவதில்லை. முள்வேலி கட்டியிருக்கிறார்கள். ராசாங்கம் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கடப்பாரையால் அவரே குழி போட்டார். நான் கைகொடுக்கப் போனபோது, “வேணாம், விடுங்க” என்றார். பலகையை நிறுத்தும் முன் அதில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“நிலைப்படுத்தப்பட்ட மண்ணுன்னா என்ன சார்?”

“விஷத்தை வெளியே போகவிடாமல் அங்கேயே கட்டிப்போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.”

“அப்ப இருக்கு.”

“இருக்கு.”

“அத எழுதாம என்னத்த எழுதிக் கொண்டாந்தீக அன்னைக்கு?”

அன்று இந்தப் பலகையை நட்டிருந்தாலும் பாண்டியம்மாள் அந்த மண்ணை அள்ளியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய எழுத்துகளின் மேல் பூசி மறைத்தேன். காய்ந்ததும் தூரிகையை எடுத்தேன். வீட்டு வாசலில் சுகந்தி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை. குழந்தை தன் கையை வாய்க்குக் கொண்டுபோனது. சுகந்தி அந்தக் கையைப் பிடித்துத் துடைத்து, பிடித்தபடியே வைத்துக்கொண்டாள்.

‘இந்த மண்ணில் விஷம் இருக்கிறது’ என்று எழுத ஆரம்பித்தேன்.

“இன்னும் பெருசா எழுதுங்க” என்றார் ராசாங்கம். “எம் பேத்தி படிக்கணும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிக்க வருமோ வராதோ. நீங்க எழுதுங்க.”